ஆயர் பணிக்கு ஒரு பட்டம்: பி.டி. படிப்பும் நம் சேகரங்களும்

1855இல் யாழ்ப்பாணம் வட்டுக்கோட்டை செமினரியை, அதை நிறுவி நடத்திவந்த அமெரிக்க மிஷனே மூடியது. 1823இல் தொடங்கி முப்பது ஆண்டுக்கு மேல் நடந்த நிறுவனம் அது. தமிழ், ஆங்கிலம், சமஸ்கிருதம், கணிதம், வானியல் என்று அன்றைய உயர்கல்வி அங்கே இருந்தது. வேதாகமமும் இறையியலும் கூடவே கற்பிக்கப்பட்டன. சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் முதன்முதலாக பி.ஏ. பட்டம் கொடுத்தபோது அதைப் பெற்ற சி. வை. தாமோதரம்பிள்ளையும் கரோல் விசுவநாதபிள்ளையும் வட்டுக்கோட்டையில் படித்தவர்கள். தமிழுக்கு அந்த செமினரி செய்த உதவி பெரிது. ஆனால் அதற்குப் பணம் அனுப்பிய பாஸ்டன் தலைமையகம் எதிர்பார்த்தது ஊர்ச் சபைகளுக்குப் போதகர்களை. படித்து முடித்தவர்களோ அரசு உத்தியோகத்துக்கும் வேறு வேலைகளுக்கும் போய்க்கொண்டிருந்தார்கள். நேரில் பார்க்க வந்த மிஷன் செயலர் ரூபஸ் ஆண்டர்சன், ஊர்ச் சபைக்குப் போகிறவருக்கு ஊர் மொழியில் அளவான பயிற்சி போதும், ஆங்கில உயர்கல்வி அவரை ஊரிலிருந்து பிரித்துவிடும் என்ற கொள்கையில் உறுதியாக இருந்தார்.

ஒரு போதகருக்கு எவ்வளவு படிப்பு வேண்டும், எந்த மொழியில் வேண்டும், அந்தப் படிப்பு கடைசியில் யாருக்குப் போய்ச் சேர வேண்டும் என்பவை அன்றோடு தீர்ந்துபோன கேள்விகள் அல்ல. இன்றும் ஒரு பட்டதாரிப் பையனோ பெண்ணோ இறையியல் கல்லூரிக்குப் போகிறேன் என்று வீட்டில் சொல்லும்போது இவையே வேறு வார்த்தைகளில் எழுகின்றன. ஆண்டர்சன் மொழி விஷயத்தில் சரியாகச் சொன்னார், அளவு விஷயத்தில் தவறினார் என்பது என் கருத்து. ஊர்ச் சபைக்குத்தான் நன்றாகப் படித்த ஆயர் மிகவும் தேவை. அவர் படிப்பு சபையாரின் மொழியில் நடந்திருக்க வேண்டும். பட்டம் வாங்கியபின் முதல் சில ஆண்டுகள் மூத்த ஆயர் ஒருவரின் கண்பார்வையில் அவர் வேலை பழக வேண்டும். இவற்றில் முதலாவதை நாம் ஓரளவு செய்துவிட்டோம். இரண்டாவதைப் பாதி செய்திருக்கிறோம். மூன்றாவதைப் பெரும்பாலும் கைவிட்டிருக்கிறோம்.

பட்டத்தைப் பற்றி முதலில் ஒரு விளக்கம். பி.டி. எனப்படும் பேச்சிலர் ஆஃப் டிவினிட்டி, பெயரைப் பார்த்து எண்ணுவதுபோல முதல் பட்டம் அல்ல. பி.காம்., பி.இ., பி.எஸ்சி. என்று ஏதோ ஒரு பட்டம் பெற்றவர், அதற்கு மேல் நான்கு ஆண்டு விடுதியில் தங்கிப் படிப்பது. அமெரிக்காவில் இதே நிலையிலான படிப்புக்கு எம்.டிவ். என்று பெயர். அங்கே அது மூன்று ஆண்டு. 1960களின் இறுதிவரை அவர்களும் பி.டி. என்றுதான் அழைத்தார்கள், பிறகு மாற்றிக்கொண்டார்கள். நம் நாட்டில் வங்காளத்துச் செராம்பூர்க் கல்லூரியின் செனட்டோடு இணைந்த கல்லூரிகள் பழைய பெயரையே வைத்திருக்கின்றன. ஆசிய இறையியல் கழகத்தின் அங்கீகாரம் பெற்ற சுவிசேஷ செமினரிகள் பலவும் எம்.டிவ். தருகின்றன. ஆகவே பி.டி. தாழ்ந்தது, எம்.டிவ். உயர்ந்தது என்று பெற்றோர்கள் குழம்ப வேண்டியதில்லை.

தரங்கம்பாடியிலிருந்து அரசரடி வரை

1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய சீகன்பால்குவும் புளூட்சோவும் ஜெர்மனியில் இறையியல் படித்தவர்கள். படித்ததை இங்கே அப்படியே கொட்டிவிட முடியாது என்பதை சீகன்பால்கு சீக்கிரமே கண்டுகொண்டார். திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுத்து பழகினார். தமிழ் ஓலைச்சுவடிகளைச் சேகரித்துப் படித்தார். தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி அவர் 1713இல் எழுதி முடித்த நூல் அவர் காலத்தில் அச்சேறவில்லை, 1867இல்தான் சென்னையில் அச்சானது. சுற்றியுள்ள மக்களின் சமயத்தைப் பொறுமையாகக் கற்பது போதகரின் வேலையில் ஒரு பகுதி என்று அவர் எண்ணியதை அனுப்பியவர்கள் புரிந்துகொள்ள வெகுகாலம் ஆயிற்று. இன்று பி.டி. பாடத்திட்டத்தில் இந்து சமயமும் இஸ்லாமும் பௌத்தமும் இருப்பதற்கு அவரே முன்னோடி.

1716இல் அவர் தரங்கம்பாடியில் ஒரு செமினரி தொடங்கினார். உபதேசியார்களையும் பள்ளி ஆசிரியர்களையும் உருவாக்குவது அதன் வேலை. மிஷனில் உபதேசியாராக இருந்த கடலூர் ஆரோன் 1733 டிசம்பர் 28 அன்று குருப்பட்டம் பெற்றார். புராட்டஸ்டண்ட் சபைகளில் குருவான முதல் இந்தியர் அவர். பட்டம் என்று சொல்லிக்கொள்ள எதுவும் அவரிடம் இல்லை. பல ஆண்டுகள் ஊர் ஊராக நடந்து உபதேசியாராக வேலை பார்த்த அனுபவம் இருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டு முழுவதும், ஏன், பத்தொன்பதிலும் பெரும்பகுதி, இதுதான் வழக்கம். முதலில் வேலை, அதில் தேறினால் படிப்பு, அதிலும் தேறினால் குருத்துவம். சாயர்புரத்தில் ஜி. யு. போப் தொடங்கிய செமினரியும் பசுமலையில் அமெரிக்க மிஷன் நடத்திய செமினரியும் இந்தப் பாதையில் வந்தவையே.

பட்டம் என்ற ஒன்று வந்தது செராம்பூர் வழியாக. 1818இல் கேரியும் மார்ஷ்மனும் வார்டும் அங்கே கல்லூரி தொடங்கினார்கள். செராம்பூர் அன்று தரங்கம்பாடியைப் போலவே டென்மார்க்கின் ஆட்சியில் இருந்தது. டென்மார்க் மன்னர் ஆறாம் பிரடெரிக் 1827இல் அந்தக் கல்லூரிக்குப் பட்டம் வழங்கும் உரிமையைச் சாசனமாகக் கொடுத்தார். 1845இல் இரண்டு ஊர்களும் ஆங்கிலேயருக்கு விற்கப்பட்டபோதும் சாசனம் செல்லுபடியானது. ஆனால் அந்த உரிமையைப் பயன்படுத்தி முதல் பி.டி. பட்டம் வழங்கியது 1915இல்தான். 1918இல் வங்காளச் சட்டமன்றம் செராம்பூர் கல்லூரிச் சட்டத்தை இயற்றியது. பல திருச்சபைகளின் கல்லூரிகள் ஒரே செனட்டின் கீழ் இணைய அதுவே வழி செய்தது. பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரி (1910), சென்னை கீழ்ப்பாக்கம் குருகுல் லுத்தரன் இறையியல் கல்லூரி போன்றவை இப்படி ஒரே பாடத்திட்டத்துக்குள் வந்தன. இலங்கையில் பிலிமத்தலாவையில் 1963இல் தொடங்கிய இறையியல் கல்லூரிக்கும் செராம்பூரோடுதான் தொடர்பு. அங்கே சிங்களத்திலும் தமிழிலும் பாடம் நடக்கிறது.

நம் கதையில் முக்கியமான திருப்பம் 1969. நாசரேத் பக்கத்தில் திருமறையூரில் பேராயர் ஸ்டீபன் நீல் ஒரு காலத்தில் நடத்திய பயிற்சிக் கல்லூரியின் மரபும், தரங்கம்பாடி லுத்தரன் செமினரியின் மரபும் சேர்ந்து மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரி பிறந்தது. தென்னிந்தியத் திருச்சபையின் தமிழ்த் திருமண்டலங்களும் லுத்தரன் திருச்சபைகளும் இதில் கைகோத்தன. பி.டி. வகுப்பைத் தமிழிலேயே நடத்துவது என்று எடுத்த முடிவு துணிச்சலானது. அதுவரை உபதேசியார் பயிற்சி தமிழில், பட்டப்படிப்பு ஆங்கிலத்தில் என்று இரண்டு தட்டு இருந்தது. அந்தச் சுவரைத்தான் அரசரடி உடைத்தது. சாமுவேல் அமிர்தம் அங்கே முதல்வராக இருந்து, பின்னர் ஜெனிவாவில் உலகத் திருச்சபைகள் மன்றத்தின் இறையியல் கல்விப் பணிக்குத் தலைமை ஏற்றார். அங்கே ஆசிரியராக இருந்த பரட்டை என்னும் தியாபிலஸ் அப்பாவு, கிராமிய இசையில் வழிபாட்டு முறை அமைத்தார். ஒரே உலையில் சமைத்து எல்லாரும் சேர்ந்து உண்பதைத் திருவிருந்தின் பொருளாக வைத்து அவர் கற்பித்ததைக் கேட்டு வளர்ந்த ஆயர்கள் இன்றும் நம் சேகரங்களில் இருக்கிறார்கள். மாணவர்களை ஓராண்டு வளாகத்துக்கு வெளியே, உழைக்கும் மக்களின் குடியிருப்புகளில் தங்கிப் படிக்கச் செய்யும் ஏற்பாடும் இந்தக் கல்லூரியின் கொடை.

கத்தோலிக்கர் வழி தனி. திரிதெந்து பொதுச்சங்கம் 1563இல் மறைமாவட்டம்தோறும் குருத்துவக் கல்லூரி வேண்டும் என்று ஆணையிட்டதிலிருந்து அவர்களுடைய பயிற்சி நீண்டது, கட்டுக்கோப்பானது. மெய்யியல் சில ஆண்டு, நடுவில் பங்குப்பணி அனுபவம், பிறகு இறையியல், அதன்பின் திருத்தொண்டர், கடைசியாகக் குரு. பூந்தமல்லியிலும் திருச்சியிலும் உள்ள குருத்துவக் கல்லூரிகளில் இதைக் காணலாம். படிப்புக்கும் பணிக்கும் இடையே படிக்கட்டுகள் இருப்பது அதன் பலம்.

வகுப்பறையில் நடப்பது

பழைய ஏற்பாடு, புதிய ஏற்பாடு, எபிரெயம், கிரேக்கம், கிறிஸ்தவ இறையியல், அறநெறி, திருச்சபை வரலாறு, சமயங்கள், சமூகப் பகுப்பாய்வு, பெண்ணியம், அருளுரைக் கலை, ஆயர் பணி. பாடப் பட்டியல் இப்படி நீளும். இதனால் சபைக்கு என்ன லாபம் என்று கேட்பவர்களுக்கு ஒரே ஒரு உதாரணம் காட்டுகிறேன்.

டிசம்பர் 31 இரவு ஆராதனைக்குப் போகாத தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம் அபூர்வம். புத்தாண்டு வாக்குத்தத்த வசன அட்டையை வாங்கி வீட்டில் ஒட்டுவதும் அப்படியே. எரேமியா 29ஆம் அதிகாரத்தில், நல்ல எதிர்காலத்தையும் நம்பிக்கையையும் கடவுள் வாக்களிக்கும் வசனம் அந்த அட்டைகளில் அடிக்கடி வருவது. அதை வைத்து இந்த வருடம் உங்களுக்கு வேலை, வீடு, கல்யாணம் கைகூடும் என்று பிரசங்கிப்பது சுலபம். மக்களும் ஆமென் சொல்வார்கள்.

பழைய ஏற்பாட்டு வகுப்பில் இந்த வசனம் எப்படிக் கையாளப்படுகிறது? முதலில் அது ஒரு கடிதம் என்று மாணவர் கண்டுகொள்கிறார். கி.மு. 597இல் பாபிலோனுக்குச் சிறையாகக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எருசலேமிலிருந்து எரேமியா எழுதியது. அடுத்து, முந்தைய அதிகாரத்தைப் படிக்கிறார். அங்கே அனனியா என்ற தீர்க்கதரிசி, இரண்டே ஆண்டில் எல்லாரும் ஊர் திரும்பிவிடுவீர்கள் என்று ஆலயத்தில் எல்லார் முன்னிலையிலும் அறிவிக்கிறார். கேட்டவர்களுக்கு இனித்திருக்கும். எரேமியாவோ எழுபது ஆண்டு என்கிறார். வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்யுங்கள், உங்களைச் சிறைபிடித்த அந்த நகரத்தின் நலனுக்காக ஜெபம் பண்ணுங்கள் என்று எழுதுகிறார். இதற்குப் பிறகுதான் அந்த வாக்குத்தத்தம் வருகிறது. எழுபது ஆண்டு என்றால் அந்தக் கடிதத்தை வாசிக்கக் கேட்ட பெரியவர்களில் பெரும்பாலோர் அது நிறைவேறுவதைக் கண்ணால் பார்க்கப்போவதில்லை. பேரப்பிள்ளைகள் பார்ப்பார்கள்.

இதைப் படித்துவிட்ட ஆயர் அதே டிசம்பர் 31 இரவு அதே வசனத்தை எடுத்துப் பேசும்போது, வெளிநாட்டில் வேலைக்குப் போன மகனை நான்கு வருடமாகப் பார்க்காத தாயிடமும் கடனில் மூழ்கிய குடும்பத்திடமும் பொய்யான கெடு வைக்க மாட்டார். சீக்கிரம் தீராத துன்பத்தின் நடுவிலும் வீடு கட்டு, தோட்டம் போடு, கடவுள் உன்னை மறக்கவில்லை என்று சொல்வார். அந்தப் பிரசங்கம் முதலாவதைவிட ஆழமான ஆறுதலைத் தரும். வரும் டிசம்பரில் அட்டையில் வாக்களித்தது நடக்கவில்லையே, என் விசுவாசம்தான் குறைவோ என்று எவரும் தன்னையே நொந்துகொள்ளவும் வேண்டியிராது. எபிரெய இலக்கணம் மனப்பாடம் செய்ய மாணவர் படும் பாட்டுக்கு இதுவே பலன்.

இறையியல் படிப்பில் கடந்த ஐம்பது ஆண்டில் நடந்த பெரிய மாற்றமும் இதே திசையில்தான். 1972இல் தைவானைச் சேர்ந்த ஷோக்கி கோ தலைமையில் இறையியல் கல்வி நிதியம், படிப்பு அந்தந்த மண்ணின் சூழலிலிருந்து எழ வேண்டும் என்று முன்வைத்தது. இந்தியாவில் அதற்கு உருவம் கொடுத்தவர்களில் அரவிந்த் நிர்மல் முக்கியமானவர். 1981இல் பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரியில் அவர் ஆற்றிய உரையிலிருந்து தலித் இறையியல் என்ற துறை வளர்ந்தது. பின்னர் குருகுல் கல்லூரியில் அதற்கெனத் தனித் துறையும் அமைந்தது. இந்தியக் கிறிஸ்தவர்களில் பெரும்பான்மையோர் தலித் மக்கள். அவர்கள் பட்ட பாட்டைப் பேசாமல் சிலுவையைப் பேசிக்கொண்டிருந்த பாடத்திட்டம் எவ்வளவு குறையுடையதாக இருந்தது என்பதை அதன்பிறகுதான் கல்லூரிகள் உணர்ந்தன. கல்லறையிலும் சாதிச் சுவர் வைத்திருக்கும் ஊர்களுக்குப் போகப்போகிற ஆயர், வகுப்பறையிலேயே இதற்கு முகம் கொடுத்துப் பழகியிருக்க வேண்டும்.

அதற்கு முன்பே வேறு திசையில் முயன்றவர் பாளையங்கோட்டையில் பிறந்த ஏ. ஜே. அப்பாசாமி. ஹார்வர்டிலும் ஆக்ஸ்ஃபோர்டிலும் படித்துவிட்டு, தமிழ்ப் பக்தி இலக்கியத்தோடு யோவான் நற்செய்தியை வைத்து வாசித்தவர், பின்னாளில் கோயம்புத்தூர்ப் பேராயர். வெளிநாட்டுப் படிப்பும் ஊர் மண்ணும் ஒருவரிடத்தில் கூட முடியும் என்பதற்கு அவர் சாட்சி.

இந்தப் படிப்பில் நான் மிக மதிப்பது வகுப்பறைக்கு வெளியே நடக்கும் மருத்துவமனைப் பயிற்சியை. அமெரிக்காவில் 1925இல் வூஸ்டர் மனநல மருத்துவமனையில் ஆன்டன் பாய்சன் தொடங்கிய முறை அது. மனநோயால் தாமே அவதிப்பட்டு மீண்டவர் அவர். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் அந்தப் பயிற்சி நெடுங்காலமாக நடக்கிறது. மாணவர் ஒரு நோயாளியைப் பார்த்துவிட்டு வருகிறார். வந்ததும் நடந்த பேச்சை, அவர் சொன்னது, நான் சொன்னது என்று வரி வரியாக நினைவிலிருந்து எழுதுகிறார். அதைக் குழுவில் வாசிக்க வேண்டும். உதாரணமாக இப்படி ஒரு பேச்சு வரும்: அறுவைச் சிகிச்சைக்குக் காத்திருக்கும் அம்மா, 'மகன் வந்து பார்க்கவே இல்லை, ஐயா' என்கிறார். மாணவர், 'கவலைப்படாதீங்க அம்மா, ஜெபிக்கலாமா?' என்கிறார். குழு அங்கே நிறுத்துகிறது. மகனைப் பற்றிச் சொன்னதும் நீ ஏன் ஜெபத்துக்கு ஓடினாய்? அந்த அம்மா அழுதுவிடுவார் என்று பயந்தாயா? உன் தாயின் நினைவு வந்ததா? கேள்விகள் கனிவாகத்தான் வரும், ஆனால் விடாது. ஒரு சில வாரம் இப்படி உட்கார்ந்த மாணவருக்கு, ஜெபத்தைத் தன் தடுமாற்றத்துக்குத் திரையாக்கும் பழக்கம் விட்டுப்போகும். சாவு வீட்டில் வாயை மூடிப் பக்கத்தில் உட்காரத் தெரியும். எல்லா பி.டி. மாணவருக்கும் இது கட்டாயமாக வேண்டும் என்பேன்.

படிக்காமலே ஊழியம் செய்யலாமே

இந்தக் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. இதற்கு வலுவான சான்றுகள் உண்டு. திருநெல்வேலி வெள்ளாளன்விளையில் ஓர் ஊர்ப் போதகரின் மகனாகப் பிறந்த வே. ச. அசரியா, சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தும் பட்டம் பெறவில்லை. ஒய்.எம்.சி.ஏ.வில் வேலை பார்த்தார். 1903இல் திருநெல்வேலி இந்திய மிஷனரிச் சங்கம் உருவாக முன்நின்றார். இன்றைய தெலங்கானாவில் உள்ள தோர்ணக்கல்லுக்குப் போய், 1912இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார். பட்டமில்லாத அந்த மனிதர்தான் ஆயிரக்கணக்கான ஏழை மக்களைத் திருச்சபைக்குள் நடத்தினார்.

ஆனால் அசரியா பேராயரானபின் என்ன செய்தார் என்பதையும் பார்க்க வேண்டும். தோர்ணக்கல்லில் இறையியல் பள்ளி அமைத்தார். தெலுங்கிலேயே ஊர்க் குருமாருக்குப் பயிற்சி கொடுத்தார். அவர்களுடைய மனைவிமார்களும் கூடவே படிக்க ஏற்பாடு செய்தார். தமக்குக் கிடைக்காத படிப்பைத் தேவையில்லாதது என்று அவர் கருதவில்லை.

பெந்தெகொஸ்தே சபைகள் பலவற்றில் வழி வேறு. இலங்கையில் பிறந்து தமிழகமெங்கும் பரவிய பெந்தெகொஸ்தே மிஷன், தன் ஊழியர்களை விசுவாச வீடுகளில் மூத்தவர்களோடு ஒன்றாக வாழவைத்தே பயிற்றுவிக்கிறது. கல்லூரி கிடையாது, பட்டம் கிடையாது. அவர்களுடைய கோட்பாடுகளில் எனக்கு உடன்பாடில்லாதவை உண்டு. இருந்தாலும் இளைய ஊழியர் ஒருவர் எந்நேரமும் ஒரு மூத்தவரின் பக்கத்தில் இருக்கிறார் என்ற அந்த ஏற்பாட்டைப் பார்த்துப் பழைய சபைகள் வெட்கப்படத்தான் வேண்டும்.

வேலையை விடாமலே படிக்கும் வழியும் உண்டு. 1963இல் குவாத்தமாலாவில் பிரஸ்பிட்டேரியன் செமினரி ஒன்று, மாணவர்கள் கல்லூரிக்கு வருவதற்குப் பதில் ஆசிரியர்கள் ஊர்களுக்குப் போவது என்று தொடங்கியது. இந்தியாவில் 1971இல் தொடங்கிய டாப்டீ என்ற இறையியல் கல்வி அமைப்பு அந்த முறையைக் கொண்டுவந்தது. குடும்பத்தையும் வேலையையும் வைத்துக்கொண்டு சபையில் மூப்பராகவோ ஓய்வுநாள் பள்ளி ஆசிரியராகவோ இருப்பவர்களுக்கு இது மிகப் பொருத்தம். முழுநேர ஆயருக்கு இது மட்டும் போதும் என்று நான் கருதவில்லை. நான்கு ஆண்டு ஒரே விடுதியில், வேறு திருமண்டலத்தாரோடும் வேறு சாதியாரோடும் ஒரே பந்தியில் உண்டு, விவாதித்து, சண்டையிட்டு, சமாதானமாகி வாழ்வதும் படிப்பில் அடக்கம்.

படிக்காமல் வருவதைவிட மோசமான ஒன்று, படித்ததாகச் சொல்லிக்கொண்டு வருவது. ஆறே மாதத்தில் தபாலில் பட்டம், பணம் கட்டினால் கௌரவ டாக்டர் என்று ஒரு சந்தை நம் ஊர்களில் பெருகியிருக்கிறது. கன்வென்ஷன் சுவரொட்டியில் பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போடுகிறவர் எங்கே, எத்தனை ஆண்டு, யாரிடம் படித்தார் என்று கேட்க சபையாருக்கு உரிமை உண்டு. கேட்பது விசுவாசக் குறைவு ஆகாது.

பட்டம் வாங்கிய மறுநாள்

இனி நான் மிகவும் கவலைப்படும் இடத்துக்கு வருகிறேன். ஒரு திருமண்டலம் மாணவரை எப்படி அனுப்புகிறது? சொந்தச் சபையின் பரிந்துரை, சேகரக் கமிட்டியின் ஒப்புதல், சிறிது காலம் சபை ஊழியராக வேலை, நேர்காணல், பிறகு கல்லூரி. பொதுவாக இப்படித்தான். நேர்காணலில் நன்றாகப் பாடுகிறவர்களும் சாட்சி சொல்கிறவர்களும் எளிதில் தேறிவிடுகிறார்கள். கேட்கும் காது உடையவர்கள் அவ்வளவு எளிதில் கண்ணில் படுவதில்லை. செல்வாக்குள்ளவர்களின் சிபாரிசும் இடையில் நுழைகிறது. தேர்வில் தொடங்கும் கோணலை நான்கு ஆண்டுப் படிப்பு நிமிர்த்திவிடாது.

படித்துத் திரும்பியவர் உதவிகுருவாகி, பிறகு குருவாக அபிஷேகம் பெற்று, பெரும்பாலும் ஒரு தொலைதூரச் சேகரத்துக்கு அனுப்பப்படுகிறார். ஒரு சேகரம் என்றால் ஒரு கோயில் அல்ல. பல ஊர்ச் சபைகள், ஒவ்வொன்றிலும் ஓர் உபதேசியாரோ சபை ஊழியரோ. திருவிருந்து கொடுக்க குருவானவர்தான் போக வேண்டும், ஆகவே ஞாயிறன்று பைக்கில் ஊர் ஊராக ஓட்டம். வாரநாளில் ஞானஸ்நானப் பதிவேடு, 1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி திருமணப் பதிவு, அடக்க ஆராதனை, சபைப் பள்ளியின் நிர்வாகம், ஆலய நிலத்தின் மீது ஒரு வழக்கு, பிரதிஷ்டை பண்டிகைக்கு வரிப்பிரிவு, அசன விருந்தில் யாருக்கு முதல் மரியாதை என்ற தகராறு, மூன்றாண்டுக்கு ஒரு முறை வரும் திருமண்டலத் தேர்தலில் இரண்டு அணிகளின் நெருக்கடி. இவற்றில் எதையும் அவர் தேர்வெழுதித் தேறவில்லை. கேட்பதற்குப் பக்கத்தில் ஆளும் இல்லை.

இந்தத் தனிமையில்தான் நான்கு ஆண்டுப் படிப்பு கரைந்துபோகிறது. எரேமியாவின் கடிதத்தை அவ்வளவு நுணுக்கமாகப் படித்தவர், மூன்றாம் ஆண்டில் வாக்குத்தத்த அட்டை அச்சடித்துக் கொடுக்கிறார். சனிக்கிழமை இரவு பதினொரு மணிக்குத்தான் பிரசங்கம் ஆயத்தம் செய்ய நேரம் கிடைக்கிறது, அப்போது கையில் கிடைப்பது யூடியூப். அவரைக் குறை சொல்வது நியாயமில்லை. எம்.பி.பி.எஸ். முடித்தவரை ஹவுஸ் சர்ஜன் பயிற்சி இல்லாமல் தனியாக ஒரு கிராம மருத்துவமனையில் நாம் விடுவதில்லை. ஜெர்மன் லுத்தரன் சபைகளில் பல்கலைக்கழகப் படிப்புக்குப் பிறகு ஒரு மூத்த போதகரின் கீழ் இரண்டு ஆண்டுக்கு மேல் பயிற்சி, அதன்பின் இரண்டாவது தேர்வு. இங்கிலாந்துத் திருச்சபையில் புதிதாகக் குருவானவர் மூன்று நான்கு ஆண்டு ஒரு மூத்த குருவின் உதவியாளர். நமக்குப் பட்டத்தைக் கொண்டுவந்து கொடுத்தவர்களே இதைக் கைவிடவில்லை. நாம் மட்டும் கல்லூரிப் படிப்பை வைத்துக்கொண்டு இதை விட்டுவிட்டோம்.

இதன் இன்னொரு விளைவு, நன்றாகப் படிக்கும் மாணவர் சேகரத்தைவிட்டு விலகிப்போவது. முதல் வகுப்பில் தேறியவர் அடுத்த பட்டமான எம்.டிஎச். படிக்க பெங்களூருக்கோ கீழ்ப்பாக்கத்துக்கோ போகிறார். அங்கே எல்லாம் ஆங்கிலம். பிறகு ஆய்வு, வெளிநாடு, கல்லூரி ஆசிரியர் வேலை. கல்லூரிகளுக்கு ஆசிரியர்கள் வேண்டும், அதை மறுக்கவில்லை. ஆனால் ஐந்து ஆண்டாவது சேகரத்தில் வேலை பார்க்காதவர், சேகரத்துக்குப் போகிறவர்களுக்கு ஆயர் பணிப் பாடம் எடுக்கக்கூடாது என்று ஒரு விதி செய்தால் நல்லது. தமிழில் எழுதப்பட்ட தரமான இறையியல் நூல்கள் இன்னும் போதாமல் இருப்பதற்கும் இந்த ஆங்கில ஏணியே காரணம். மதுரையில் தமிழில் பி.டி. படிக்கிறவரும் விளக்கவுரைக்கு ஆங்கில நூலையே தேட வேண்டியிருக்கிறது. எம்.டிஎச்., முனைவர் ஆய்வு எழுதும் ஒவ்வொருவரும் அதன் சாரத்தைத் தமிழில் ஒரு நூலாகத் தர வேண்டும் என்று அனுப்பும் திருமண்டலம் நிபந்தனை போடலாம். கிறிஸ்தவ இலக்கியச் சங்கம் 1858 முதல் இருக்கிறது, அச்சிட ஆளில்லாத குறை நமக்கு இல்லை.

பெண்களைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கட்டுரை முடியாது. ஒரே வகுப்பில், ஒரே தேர்வை எழுதி, பல வேளை முதலிடத்திலும் தேறும் பெண்களைத் திருச்சபை எப்படி நடத்துகிறது? தென்னிந்தியத் திருச்சபை 1976இலேயே பெண்ணுக்குக் குருத்துவம் கொடுத்தது. 2013இல் புஷ்பா லலிதா நந்தியால் பேராயரானார். சட்டத்தில் தடையில்லை. இருந்தும் பி.டி. முடித்த பெண்ணுக்குப் பரிந்துரை கொடுக்கவே தயங்கும் கமிட்டிகள், அவரை ஓய்வுநாள் பள்ளியிலும் பெண்கள் ஐக்கியத்திலும் மட்டும் நிறுத்திவைக்கும் சபைகள் இருக்கின்றன. பெண்களுக்குக் குருத்துவமே கொடாத திருச்சபைகளும் உண்டு. ஆயரின் மனைவியாக, ஐயரம்மாவாக இருந்து சேகரம் முழுவதையும் மனப்பாடமாக அறிந்து வைத்திருக்கும் பெண்களைக் காலங்காலமாகப் பார்த்துவரும் நமக்கு, குருவாக ஒரு பெண் வருவதில் ஏன் தயக்கம் என்று எனக்கு விளங்கவில்லை. நல்ல ஆயர்கள் போதவில்லை என்று வருந்திக்கொண்டே, படித்து ஆயத்தமாக நிற்பவர்களை வாசலில் நிறுத்துவது அநியாயம்.

இறையியல் கல்லூரிக்குப் போக நினைக்கும் இளையோருக்கு: போங்கள். தமிழில் படிக்க முடிந்தால் தமிழில் படியுங்கள். எபிரெயத்தையும் கிரேக்கத்தையும் தேர்வோடு விட்டுவிடாதீர்கள். மருத்துவமனைப் பயிற்சியைத் தட்டிக்கழிக்காதீர்கள். மேற்படிப்பை ஐந்து ஆண்டு தள்ளிவையுங்கள்.

திருமண்டலங்களுக்கும் சேகரக் கமிட்டிகளுக்கும்: பி.டி. முடித்து வருகிற ஒவ்வொருவரையும் முதல் இரண்டு ஆண்டு, நல்ல பெயரெடுத்த ஒரு மூத்த ஆயரோடு ஒரே சேகரத்தில் வையுங்கள். இரண்டு ஊதியம் கொடுக்க வேண்டிவரும், அந்தச் செலவை ஏற்றுக்கொள்ளுங்கள். ஓய்வுபெற்ற ஆயர்களில் இதற்குத் தகுந்தவர்கள் பலர் ஒவ்வொரு மாவட்டத்திலும் இருக்கிறார்கள், அவர்களைக் கூப்பிட்டுக் கேளுங்கள். அடுத்த அபிஷேக ஆராதனைக்கு நாள் குறிக்கும் முன்பே இந்தத் தீர்மானத்தை ஆட்சிமன்றத்தில் கொண்டுவந்து நிறைவேற்றுங்கள்.